மியூட்டில் இருந்தேன்

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோது என் வேலையையும் கூடவே கொண்டுவந்தேன். எல்லார் கையிலும் வாட்ஸப் வந்துவிட்ட காலம். ஆனாலும் வீட்டிலிருந்தபடி ஆபீஸ் வேலை பார்ப்பதென்றால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் விளங்காது. கணவருக்குச் சுரங்கத்தில் வேலை, பெர்மனன்ட். எங்களுக்கு ஒதுக்கியிருந்த குவார்ட்டர்ஸின் பின்னறையில் ஜன்னலோரமாக ஒரு மேசை போட்டு, இணைய இணைப்பு வாங்கி உட்கார்ந்துகொண்டேன். சென்னை ஆபீஸில் ஏழு பேர் கொண்ட ஒரு அணி, மருத்துவமனைகளுக்கான மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தது. அந்த அணிக்கு நான் ஸ்க்ரம் மாஸ்டர்.

மாஸ்டர் என்று கேட்டதும் எதிர்வீட்டு அம்மா, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பேனா என்று விசாரித்தார். அந்த வேலையில் பாடமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. என்ன வேண்டும், எது முதலில் வேண்டும் என்று சொல்கிறவர் ப்ராடக்ட் ஓனர். அதை எப்படிச் செய்வது, இரண்டு வாரத்தில் எவ்வளவு முடியும் என்பதை மென்பொருளை எழுதும் டெவலப்பர்களும் அதைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட்டரும் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். நான் யாருக்கும் மேலதிகாரி இல்லை. வேலை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறதென்று பார்த்து வழி செய்துதர வேண்டும். ஒருவர் பொறுப்பில் இன்னொருவர் தலையிட்டால் நிறுத்த வேண்டும். பேசத் தயங்குகிறவருக்குப் பேச இடம் உண்டாக்க வேண்டும். சென்னையில் இருந்தவரை இந்தக் கடைசி விஷயத்தில் நான் கெட்டிக்காரி என்று பெயர். காலையில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போடும் விதத்திலேயே அவருக்கு என்னவோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நெய்வேலியில் அந்த நாற்காலிகள் இல்லை. தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு அவர்கள் வேலைகளை எழுதிச் சுவரில் ஒட்டிய சீட்டுகளுக்கு முன்னால் பதினைந்து நிமிடம் நின்று பேசுவார்கள். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், தடை ஏதாவது உண்டா என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். நடுவே மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கர் போனில் நான் இருப்பேன். யாராவது சிரித்தால் எதற்கென்று தெரியாது. கூட்டம் முடிந்ததும் எல்லாரும் டீ குடிக்கப் போகும் காலடிச் சத்தம் கேட்கும். சில நாள் இணைப்பைத் துண்டிக்க மறந்து போய்விடுவார்கள். காலி அறையின் ஏசி இரைச்சலைக் கேட்டபடி நானும் கொஞ்சநேரம் இருப்பேன்.

வீட்டு வேலைக்கு வந்த பெண் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். வந்த புதிதில் ஒருநாள் துடைப்பத்தோடு வாசற்படியில் நின்று என்னையே பார்த்துவிட்டு, "காலையில இருந்து தனியா பேசிக்கினே இருக்கீங்களே, எதிர்ல ஆளு இருக்குதாம்மா?" என்று கேட்டார். ஏழு பேர் இருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கணவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் அன்று முழுக்க நான் நேரில் முகம் பார்த்துப் பேசுவது அந்தப் பெண்ணோடு மட்டும்தான்.

அணியில் டெஸ்ட்டராக இருந்தவள் என்னைவிட நாலு வயது சின்னவள். அதிகம் பேசமாட்டாள். நான் நெய்வேலிக்கு வந்த பிறகு, சுவர்ச் சீட்டுகளை என்னால் பார்க்க முடியாதே என்று தினமும் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் வேலையும் அல்ல. ஆறு மாதத்துக்கு மேல் ஒருநாளும் தவறவில்லை. பிறகு நின்றுபோனது. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலைக் கூட்டத்தில் அவள் முறை வரும்போது, "தடை எதுவும் இல்லை" என்பாள். அதே மூன்று சொற்கள், அதே குரல். மூன்று வாரம் கேட்டேன். தடை இல்லை என்றால் எனக்கும் வேலை குறைவு என்று அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அங்கே நடந்துகொண்டிருந்தது வேறு, எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. ப்ராடக்ட் ஓனர் காலைக் கூட்டம் முடிந்த பிறகு நேராகவே டெவலப்பர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். நடுவில் புதுப்புது வேலைகளைச் செருகினார். டெவலப்பர்கள் எல்லாவற்றையும் இரண்டாம் வாரத்துக் கடைசி வெள்ளிக்கிழமை முடித்து, அவள் பக்கம் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் தனியாக ஆபீஸுக்கு வந்து சோதித்துக்கொண்டிருந்தாள். தரம் அணியில் எல்லாருடைய பொறுப்பு என்று சுவரில் எழுதி வைத்திருந்தோம். என் கையெழுத்துதான் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை வாடிக்கையாளருக்கு வேலையைக் காட்டும் கூட்டம். மருந்துப் பட்டியல் திரை பாதியில் நின்றுபோனது. ப்ராடக்ட் ஓனர் வாடிக்கையாளர்கள் காதுபடவே, இதைச் சோதித்தது யார் என்று அவள் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவர் விடவில்லை. இவ்வளவு சின்ன விஷயம்கூடக் கண்ணில் படவில்லையென்றால் அணியில் அவளுக்கு என்ன வேலை என்றார்.

நான் இணைப்பில் இருந்தேன். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்குமென்று மியூட்டில் போட்டிருந்தேன். விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. வாடிக்கையாளர் முன்னால் அவரை எதிர்த்துப் பேசுவது என் பொறுப்பா என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை அணிக்குள் நடக்கும் மதிப்பாய்வுக் கூட்டத்தில் முறையாக எடுத்துச் சொல்லலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்த யோசனை முடிவதற்குள் அவர் அடுத்த திரைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நேரமில்லை என்று ரத்து செய்தார்கள். நான் சரி என்று பதில் போட்டேன்.

அடுத்த வாரம் அவள் ராஜினாமா செய்தாள். மின்னஞ்சலில்தான் எனக்குத் தெரிந்தது. உடனே போன் செய்தேன். முதலில் வேறு வேலை கிடைத்திருக்கிறது என்றாள். நான் விடாமல் கேட்டதும், வெள்ளிக்கிழமை வேலை வந்து குவிந்ததையும் சனி, ஞாயிறு வந்து சோதித்ததையும் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க லைன்ல இருந்தீங்கதானே அக்கா?"

"இருந்தேன்."

"நான் மேசைமேல இருந்த போனையே பாத்துட்டிருந்தேன். அக்கா ஏதாவது சொல்வாங்கன்னு."

அவள் குரலில் கோபம் இல்லை. சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டுவிட்டு அவளே போனை வைத்தாள்.

அன்று மதியம் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றியபடியே, "வேற வேலை கிடைச்சுடுச்சு இல்ல, அப்புறம் என்ன?" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரம் அது. ஜன்னல் கண்ணாடி ஒருமுறை நடுங்கி அடங்கியது.

இரண்டு நாள் கழித்து மெயின் பஜாரிலிருந்து சென்னை பஸ் ஏறினேன். வடலூர், பண்ருட்டி என்று போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். ஆபீஸில் எல்லாரையும் அந்தச் சுவருக்கு முன்னால் உட்காரச் சொன்னேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது. அவள் வேலை கடைசி நாளில்தான் தொடங்குகிறது என்பதை மூன்று வாரம் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, செவ்வாய்க்கிழமை பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை, இரண்டும் என் பொறுப்பு, தவறினேன் என்று சொன்னேன்.

ப்ராடக்ட் ஓனர், அவளே சொல்லியிருக்கலாமே என்றார். மூத்த டெவலப்பர் தலையைக் குனிந்தபடி, "நாங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்துட்டுப் போனோம் சார். அவங்க எப்ப பாப்பாங்கன்னு ஒருத்தரும் யோசிக்கல" என்றார். அதற்குப் பிறகுதான் பேச்சு பேச்சாக நடந்தது. சோதிக்காத எதையும் முடிந்ததாகச் சுவரில் நகர்த்தக்கூடாது என்றும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் முதலில் பார்த்துவிட வேண்டும் என்றும், நடுவில் வேலை செருகினால் வேறொன்றை வெளியே எடுக்க வேண்டும் என்றும் முடிவானது. ப்ராடக்ட் ஓனர் இதற்கெல்லாம் சம்மதித்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று சொன்னேன். இந்தப் பொறுப்பில் இருக்கிறவர் முகங்களைப் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். மூத்த டெவலப்பரிடம் அதைக் கொடுத்துவிட்டு, புது டெஸ்ட்டர் வரும்வரை சோதிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

அவளுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். நல்லது அக்கா, இனி வருகிறவர்களுக்கு நல்லது என்றாள். திரும்ப வருவாயா என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை.

பிறகு ஐந்து மாதம் நெய்வேலி வீட்டில் டெஸ்ட்டராக இருந்தேன். முன்பாவது எல்லாரையும் கூப்பிட்டுப் பேசவைக்கிற சாக்கு எனக்கு இருந்தது. இப்போது காலைக் கூட்டத்தில் என் முறை ஒரு நிமிடம். மற்ற நேரமெல்லாம் திரையில் இல்லாத நோயாளிகளைச் சேர்த்து, இல்லாத மருந்துகளை எழுதி, எங்கே உடைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு கண்டுபிடித்தால் எழுதியவருக்குச் சங்கடம், கண்டுபிடிக்காமல் விட்டால் எனக்குச் சங்கடம். ஒரு சனிக்கிழமை வேலை மிஞ்சிப்போய் உட்கார்ந்திருந்தபோது, அவள் அந்தக் காலி ஆபீஸில் மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

புது டெஸ்ட்டர் சேலத்துப் பையன் என்று சொன்னார்கள். நான் முகம் பார்த்ததில்லை, போனில்தான் அவனுக்கு வேலையை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். அவன் வந்த பிறகு ஒரு மதியம் வாடிக்கையாளருக்கு வேலையைக் காட்டும் முதல் கூட்டத்தில் ஏதோ ஒரு அறிக்கை தவறாக வந்தது. ப்ராடக்ட் ஓனரின் குரல் மெல்ல ஏறியது. மூத்த டெவலப்பர் இடைமறித்து, "சார், அது அணியோட தப்பு, நாங்க பாத்துச் சொல்றோம்" என்றார். ப்ராடக்ட் ஓனர் சரி என்று மேலே போனார்.

கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூத்த டெவலப்பரிடம் அதைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள், இந்தமுறை யாரோ மறக்காமல் இணைப்பைத் துண்டித்தார்கள். கணவர் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, மரங்கள் நிற்கும் அந்த அகலமான ரோட்டில் அடுத்த பிளாக் வரைக்கும் நடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள்.