நாகமணியின் மூக்கு

கோலசிலாங்கூர் பக்கம் தென்னைக்கு அடியில் கொக்கோ நட்ட தோட்டங்களில், கொட்டையைப் புளிக்கவைக்கும் கொட்டகை வேலைக்குக் கை மட்டும் போதாது. மரப்பெட்டியில் வாழையிலை மூடிக் கிடக்கும் கொட்டை முதலில் கள் வாடை வீசும். பிறகு காடியாக மூக்கைக் குத்தும். அந்தக் குத்தல் தணிகிற நாளில் அள்ளிக் காயப்போட வேண்டும், பிந்தினால் அழுகல். அந்த நாளைச் சொல்ல நாகமணியை விட்டால் ஆள் கிடையாது. பதினாலு வயதில் ரப்பர் பால்வாளி தூக்கியவள், முப்பத்தெட்டில்தான் கூரை நிழலில் நின்று வேலை பார்க்கக் கண்டாள்.

எண்பத்துநாலாம் வருஷ மழையில் பிடித்த சளி மூன்று மாதமாகியும் விடவில்லை. நெற்றியும் கன்னமும் கனத்தன. வாடையே தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல், கொட்டைக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தே சமாளித்தாள். ஒரு பெட்டி அழுகிப்போனது.

"இன்னொரு பெட்டி இப்படிப் போச்சு, களைக்கு மருந்தடிக்க அனுப்பிடுவேன்" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சிவானந்தம்.

அதன் பிறகுதான் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனாள். டிரஸ்ஸர் தனபாலன் மாத்திரையோடு ஒரு வைத்தியமும் சொன்னார். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீர், குவளைக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. கெண்டியால் ஒரு மூக்கில் ஊற்றி மறு மூக்கால் விட வேண்டும். அவள் நொச்சித் தழையும் போட்டுக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டினாள். உப்பை மட்டும் போடவில்லை. ஊற்றியதும் உச்சந்தலைவரை எரிந்தது.

"சாக்கடை அடைப்பு எடுக்கிறியா?" என்று சிரித்தான் லோரி ஓட்டும் புருஷன் சன்னாசி.

மறுநாள் டிரஸ்ஸரிடம் சண்டைக்கே போனாள். "புண்ணுல யாராச்சும் உப்பு வைப்பாங்களான்னுதான் போடல, ஐயா. அதுக்கே இந்த எரிச்சல்!"

"போடாததாலதான் எரியுது லா! கண்ணீரு உப்புக் கரிக்குதே, கண்ணு எரியுதா?"

அன்று மாலை உப்போடு ஊற்றினாள். எரியவில்லை. காலையும் மாலையும் விடாமல் ஊற்றினாள். பதினோராம் நாள் இடது மூக்கில் டீசல் வாடை வந்தது.

"லோரிய விட்டு இறங்குனா குளிக்க மாட்டீங்களா?"

சன்னாசிக்குக் கோபம் வரவில்லை. "தெரியுதா, புள்ள?" என்று கிட்டே வந்தான்.

அடுத்த வாரம் நாலாம் பெட்டியை அள்ளச் சொன்னார் மண்டோர். நாகமணி இலையை விலக்கிக் குனிந்தாள்.

"வேணாம் மண்டோரே. காடி இன்னும் குத்துது. நாளைக்கு."

"நெசமாவா?"

"சளி அடைச்சு இப்ப ஒரு மூக்குதான் தொறந்திருக்கு. பொய் சொல்லல."

மண்டோர் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, அஞ்சாம் பெட்டியின் இலையை அவளுக்காக விலக்கினார்.