முகூர்த்தத்துக்கு மெருகேற்றிய கார்

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். அதுவரை அடுத்தவர் காரையே ஓட்டிப் பழகியவர். கரும்பச்சை நிறம் என்று சொல்லித்தான் விற்றார்கள். வாசலில் வந்து நின்றதைப் பார்த்தால், தண்ணீர் வற்றிப்போன குட்டையில் காய்ந்த பாசி மாதிரி இருந்தது. விரலால் தொட்டால் வெளுத்த தூள் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுல யாருங்க ஏறுவாங்க?" என்றேன்.

"மாப்ள ஏறுவான் பாரு" என்றார்.

அவர் கணக்கு அதுதான். எங்கள் ஊர் மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் ஜட்காவில் போய்விடுவார்கள், இல்லையென்றால் நடப்பார்கள். டாக்சிக்காரனுக்குச் சோறு போடுவது முகூர்த்த மாதங்கள். மாப்பிள்ளை அழைப்பில் பிள்ளையார் கோயிலிலிருந்து சத்திரம் வரைக்கும் கார் ஆமை வேகத்தில்தான் ஊரும். முன்னால் மேளம், இரண்டு பக்கமும் கியாஸ் லைட். அந்த வெளிச்சத்தில் ஊரே காரைப் பார்க்கும். அதனால் கல்யாண வீட்டுக்காரர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பதே இல்லை, பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். அந்த சீசனில் நாலு கல்யாணம் கிடைத்தால் கார் எங்களோடு நிற்கும். கிடைக்காவிட்டால் விற்றுவிட்டு, அவர் மறுபடியும் அடுத்தவர் காருக்கு டிரைவராகப் போக வேண்டும்.

புது பெயிண்ட் அடிக்க எங்களுக்கு வக்கில்லை. இருக்கிற பெயிண்டையே தேய்த்து எடுப்பது என்று முடிவானது. காம்பவுண்டு என்று டப்பாவில் ஒரு பசை வாங்கி வந்தார், பல்பொடியைக் குழைத்த மாதிரி இருந்தது. துணிக்கு என் பழைய வாயில் புடவை. ஜரிகை கீறல் போடும் என்று பார்டரை முதலில் கிழித்து எறிந்தார். வெயிலில் தேய்த்தால் பசை காய்ந்து கல்லாகிவிடும் என்பதால், எதிர்வீட்டு நிழல் எங்கள் பக்கம் விழும்வரை காத்திருந்து ஆரம்பிப்போம். ஒரு முறம் அளவு இடத்தைத் தேய்த்து முடித்த பிறகுதான் அடுத்த இடம். துணி தவறி மண்ணில் விழுந்தால் அது போச்சு, வேறு துணி.

வெளுப்பு மேலாகத்தான் இருந்தது. அது போகப் போக அடியிலிருந்து பச்சை எழுந்து வந்தது. பார்த்த உற்சாகத்தில் நான் மட்கார்டு ஓரத்தை அழுத்தித் தேய்த்துவிட்டேன். பெயிண்டே போய் அடிப்பூச்சின் சிவப்பு தெரிந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உடு, அங்க பூச்சரம் தொங்கும்" என்றார்.

கடைசியில் மெழுகு பாலிஷ் போட்டுத் துடைத்த அன்று பானெட்டில் மலை தலைகீழாகத் தெரிந்தது. தெருவே வந்து பார்த்தது. அந்த வாரமே கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கல்யாண மாப்பிள்ளையின் மாமா வந்து, காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கு கொடுத்துப் பேசி முடித்தார்.

அந்த முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில், பின்தெருவில் மல்லாட்டை வறுத்து விற்கிறவர் வந்து வாசலில் நின்றார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருடைய மகள் காய்ச்சலில் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தது எங்களுக்குத் தெரியும்.

"பாப்பா பூட்டாண்ணா. பஸ்ல ஏத்த மாட்டேங்கறாங்க. அவ அம்மா அங்க தனியா ஒக்காந்துனு இருக்கா."

டாக்சி ஸ்டாண்டில் எல்லோரையும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பிணம் ஏறிய காரில் எந்த மாப்பிள்ளையும் ஏற மாட்டான், அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். என்னைப் பார்த்தார். எனக்குப் போங்க என்றும் வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கார் பின்தெருவுக்குத் திரும்பியது. பின்சீட்டில் மல்லாட்டைக்காரரின் மனைவி மகளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வயசுப் பிள்ளை. இறக்குவதற்கு அவள் கையை விலக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் மாப்பிள்ளையின் மாமா வந்தார். காரின் பக்கமே போகவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

உங்கள் வீட்டில் யாரும் செத்ததே இல்லையா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அதற்குப் பிறகு வேறு கல்யாணமும் வரவில்லை. மஞ்சள் தண்ணீரால் கழுவி, பூசணிக்காய் உடைத்து, மலையை ஒரு சுற்று சுற்றி எடுத்து வந்தால் தோஷம் கழியும் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். நான் வாளியில் மஞ்சள் கரைத்தே வைத்துவிட்டேன்.

"கழுவறதுக்கு அதுல இன்னா கீது? கொழந்ததான வந்துச்சு" என்றார்.

எவ்வளவோ சண்டை போட்டேன், அழுதேன். அவர் மசியவில்லை. சீசன் முழுக்கக் கார் வாசலிலேயே நின்றது. தினமும் துடைத்து மட்டும் வைத்தார். கடைசியில் ஒரு மில்காரர் வாங்கிக்கொள்ள வந்தார்.

அன்றைக்கு அந்தப் பெண்ணும் வந்தாள். மகள் போன பிறகு அவள் எங்கள் தெருப்பக்கம் வந்ததே இல்லை.

"எங்களாலதான வண்டி போவுது" என்றாள்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் பின்கதவு ஓரமாக நின்றாள். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"அவளுக்குக் காருன்னா உசுருண்ணா. எத்தினியோ வாட்டி கேட்டா. ஏறனது அந்த ஒரு வாட்டிதான்."

என்னால் தாங்க முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் பின்கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறவில்லை. குனிந்து சீட்டைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு நகர்ந்துகொண்டாள். மில்காரர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்பது போல, என் வீட்டுக்காரர் அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினார்.