ஜன்னல் வழியே நீட்டிய ரவிக்கைத் துணி

இன்று மயிலாப்பூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டிலிருந்த அம்மாள் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார்.

"எழுபத்திநாலுல லஸ் பக்கம் டெய்லர் கடை வெச்சிருந்தேள் இல்லையா?"

ஆமாம் என்று மெல்லத் தலையாட்டினேன்.

அது என் முதல் கடை, முதல் தீபாவளி. திருப்பி அனுப்பினால் அப்புறம் வரவே மாட்டார்களோ என்ற பயத்தில், யார் துணி கொண்டுவந்தாலும் "தீபாவளிக்குள்ள குடுத்துடறேன்" என்று வாங்கிப் போட்டேன். கடைசி நாள் கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒளிந்தபடி தைத்தேன்.

"மெஷின் சத்தம் தெருவுக்கே கேட்டுது. கதவை இடிச்சேன். ஜன்னல்லேர்ந்து ஒரு கை மட்டும் வந்து, வெட்டினதோட சரி, தைக்காமலே என் ரவிக்கைத் துணியை நீட்டித்து."

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அவர் சிரித்துவிட்டார். "எதுக்கு? பக்கத்தாத்து மெஷின்ல நானே தெச்சுண்டேன். நன்னா வந்துது. அப்புறம் நானும் தையல் கடை வெச்சு, போன வருஷம்தான் பொண்ணுகிட்ட விட்டேன். தீபாவளிக்கு இருபது நாள் முன்னாடியே புது ஆர்டர் இல்லைன்னு போர்டு மாட்டிடுவேன். அந்தக் கையைப் பார்த்தப்பவே முடிவு பண்ணினது!"

அப்பாடா! லஸ் பக்கம் போனாலே இத்தனை வருடமும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தவன் நான்.

அந்தத் தீபாவளிக்கு என்னிடம் துணி கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். இந்தத் தடவை கதவைத் திறக்கிறேன்.