இழுக்கிற கார்

செங்கோடனின் அம்பாசிடரைத் திருச்செங்கோட்டில் யாரும் அம்பாசிடர் என்று சொல்வதில்லை. ரேஸ் காரை இழுக்கிற கார் என்பார்கள்.

அதை வாங்குவதற்கு முன்னால் அவன் அப்பனின் டயர் வண்டியில் கடலைக்காய் மூட்டை ஏற்றி மண்டிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். போர் போடும் ரிக் லாரிகள் ஊரில் பெருகியபோது காளைகளை விற்றுவிட்டு ரிக் சாமான் கடை வைத்தான். கடை ஊன்றி நின்றது. கார் வாங்கினான். மனைவி அங்கம்மாளை முன்சீட்டில் உட்காரவைத்து மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போன அன்று கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அவனை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

அங்கம்மாளின் தம்பி வெள்ளியங்கிரி ரிக் பட்டறையில் வெல்டிங் வேலை செய்தான். விபத்தில் நொறுங்கிய ஒரு பியட்டைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, சீட்டுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்தான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கார் பந்தயம் நடக்கும். அங்கே கொண்டுபோக வேண்டும். பந்தயக் காரை ரோட்டில் ஓட்டக் கூடாது. லாரி வைக்க வசதியில்லை. அங்கம்மாள் கணவனின் காரைக் கேட்டாள். டயர் வண்டியின் நுகத்தடியை வெட்டிப்போட்டு, முன்னால் நீளும் ஏர்க்கால் நுனியில் ரிக் குழாயை வெல்டு வைத்து, அம்பாசிடரின் பம்பருக்கு அடியில் கொக்கி மாட்டினார்கள். பியட் வண்டிமேல் ஏறியது. அம்பாசிடர் இழுத்தது.

முதல் வருடமே வெள்ளியங்கிரி மூன்றாவதாக வந்தான். பேப்பரில் படம் போட்டார்கள். படத்தில் செங்கோடன் இல்லை. அம்பாசிடரின் பின்விளக்கு மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அங்கம்மாள் அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள், கல்யாணப் போட்டோவுக்கு மேலே.

டீக்கடை மயில்சாமி வேறு விதமாகப் பாராட்டினான். "ஏனுங்க, உங்க காரு பொறவுட்டு அமுங்கிக் கிடந்துச்சே? நாய் குந்துனாப்புல போச்சுங்க." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செங்கோடன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

அடுத்த வருடம், 1980இல், பட்டறைச் சந்தில் பியட்டை வண்டியில் ஏற்றும்போது அவன் கையை நீட்டி நிறுத்தினான்.

"திருப்பி ஏத்து மாப்ள. எஞ்சின் பொறவுக்கு வரட்டும்."

"போன வருசம் எஞ்சின முன்னால வெச்சுத்தான போனோம் மச்சான்?"

"போன வருசம் என் காரு இடுப்பு ஒடிஞ்சுது. முன்பாரம் ஆவாது. நுகத்துல பாரம் நின்னா மாட்டுக் கழுத்து புண்ணாயிரும்."

"இது மாடு இல்லீங்களே."

"வண்டியில பாரம் ஏத்த எனக்கே சொல்லித் தாரயா? நீ வெல்டு வெக்கிறவன்."

வெள்ளியங்கிரி கயிற்றை எடுத்தான். பியட்டைத் திருப்பி ஏற்றினார்கள். ஏர்க்கால் ஒரு கையால் தூக்குமளவு லேசாகிவிட்டது. அம்பாசிடர் நிமிர்ந்து நின்றது. செங்கோடன் டீக்கடை வழியாகவே காரை விட்டான்.

வீட்டு வாசலில் அங்கம்மாள் சோற்றுத் தூக்குகளோடு ஏறிக்கொண்டாள். இந்த முறை தம்பி ஓட்டுவதைப் பார்க்க அவளும் வந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்தாளே தவிர, சேலம் வரைக்கும் அவள் முகம் பின்கண்ணாடிப் பக்கமே இருந்தது.

"தம்பி, உன் காருல தூசி படியுதே."

"என் காருலயுந்தான் படியுது" என்றான் செங்கோடன்.

"இதக் கழுவிக்கலாமுங்க."

பின்சீட்டில் வெள்ளியங்கிரி தூங்கிப்போனான். செங்கோடன் கண்ணாடியில் பார்த்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். இழுப்பவன் ஒருவன், தூங்குபவன் ஒருவன். சுவரில் மாட்டுவது தூங்குபவனை.

வாழப்பாடி தாண்டி ரோடு நேராக இறங்கியது. தனக்கும் வேகம் தெரியும் என்று அவளுக்குக் காட்ட நினைத்தான். மிதித்தான். அம்பாசிடர் முனகிக்கொண்டு எழும்பியது. அப்போது யாரோ பின்பம்பரைப் பிடித்து ஆட்டுவதுபோல இருந்தது. முதலில் மெதுவாக. பிறகு வண்டி இடமும் வலமும் வீசத் தொடங்கியது. அதன் கூடவே காரும் ஆடியது. ஸ்டியரிங் அவன் கையில் இல்லை. புளியமரங்கள் ஒருமுறை ரோட்டின் அந்தப் பக்கமும் ஒருமுறை இந்தப் பக்கமும் வந்தன.

"ஐயோ, தம்பி காரு!" என்று அங்கம்மாள் கத்தினாள்.

சாகப்போகிற அந்த நொடியிலும் அது அவன் காதில் தெளிவாக விழுந்தது.

"பிரேக்க மிதிச்சிராதீங்க மச்சான், காலை மட்டும் எடுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எடுத்தான். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்தது. வண்டியின் ஒரு சக்கரம் பள்ளத்து விளிம்பில் நின்றது. கட்டியிருந்த கயிறு ஒன்று அறுந்து தொங்கியது.

மூவரும் இறங்கினார்கள். வெள்ளியங்கிரி ஏர்க்காலைப் பார்த்தான், எஞ்சின் இருந்த பின்பக்கத்தைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். பிறகு அக்காளிடம் சொன்னான்:

"நாந்தான் கயிறச் சரியா கட்டல அக்கா. காரு பொறவால நகந்திருச்சு."

அங்கம்மாள் அவன்மேல் பாய்ந்தாள். "கயிறு கட்டத் தெரியாத நீயெல்லாம் ரேசு ஓட்டப் போறயா? உன்ற மச்சான் புடிச்சு நிறுத்துனாரு. இல்லாட்டி மூணு பேரும் இந்நேரம் பொணம்." சேலைத் தலைப்பால் செங்கோடனின் நெற்றியைத் துடைத்தாள். நடு ரோட்டில்.

அவன் நின்றுகொண்டிருந்தான். இத்தனை நாள் வேண்டியிருந்தது கிடைத்துவிட்டது. கொடுத்தவன் வெள்ளியங்கிரி.

பின்னால் வந்த லாரிக்காரர்கள் கைகொடுத்தார்கள். பியட்டை இறக்கி, எஞ்சின் முன்னால் வரும்படி ஏற்றிக் கட்டினார்கள். அம்பாசிடர் பழையபடி பின்னால் தணிந்தது.

மரத்தடியில் அங்கம்மாள் இலை போட்டாள். கணவனுக்கு முதலில் சோறும் முட்டையும் வைத்தாள். அவன் ஒரு வாய் எடுத்தான். தொண்டையில் இறங்கவில்லை. மச்சினன் போட்ட சோறு மாதிரி இருந்தது.

"கயிறு நல்லாத்தான் கட்டியிருந்தான்" என்றான் வெடுக்கென்று. "பாரத்தத் தப்பா ஏத்துனது நானு. அவன் வேண்டாம்னுதான் சொன்னான்."

அங்கம்மாள் அவனையே பார்த்தாள். கண் கலங்கியது.

"அவன உட்டுக்குடுக்க மாட்டீங்களே" என்றாள். "பழியெல்லாம் உங்க தலையில போட்டுக்குவீங்க. வண்டி ஓட்டியே வளந்த மனுசனுக்குப் பாரம் ஏத்தத் தெரியாதாமா?"

"நெசமாத்தான் சொல்றேன்."

"போதுமுங்க. சாப்புடுங்க."

வெள்ளியங்கிரி சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தான். அக்காளைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. பிறகு செங்கோடனைப் பார்த்தான். வெள்ளியங்கிரியின் தாடை இறுகி, உதடு ஒரு பக்கம் இழுத்திருந்தது. அந்தப் படம் சுவரில் ஏறிய நாளிலிருந்து செங்கோடன் தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கும் முகம்தான் அது. வேறொருவன் முகத்தில் இப்போதுதான் பார்க்கிறான்.

சோறு இறங்கியது.

"மாப்ளைக்கு இன்னொரு முட்டை வை" என்றான்.