பெருசு என்றால் கேசவனுக்கு ஆகாது

செம்பாக்கத்தில் கேசவனைப் பெருசு என்று கூப்பிட்டுவிட்டு முழுசாக வீடு திரும்பியவர் கிடையாது. தொண்ணூற்றொன்றில் தாம்பரம் பஸ்ஸில் கண்டக்டர், "பெருசு, உள்ள போ" என்று சொல்லப்போக, மனிதர் அங்கேயே இறங்கி உச்சி வெயிலில் வீடுவரை நடந்தே வந்தார். வயசு ஐம்பத்தெட்டு. ரோஷம் மட்டும் பதினெட்டு.

எதிர்வீட்டுக்காரி நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

"பெரியன்றதுல இருந்து வந்ததுதாண்ணா பெருசு. வூட்ல மூத்த புள்ளைய அப்டித்தானே சொல்றோம்? மரியாதைதான்" என்றேன்.

"இன்னா மரியாதை? பெரியவர்னா ஆளு, பச்சையம்மா. பெருசுன்னா சாமான். அண்டா வாங்கப் போனா, 'அந்தப் பெருச எடு'ன்னு சொல்றதில்ல?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றோடு தெருவிலேயே அந்த வார்த்தைக்குத் தடை. தன் அண்ணன் மகள் சாமுண்டீஸ்வரியிடம் சத்தியமே வாங்கிவிட்டார்.

அண்ணன் இறந்துபோன பிறகு அண்ணிக்கும் அவளுக்கும் துணை இவர்தான். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவள் நிச்சயதார்த்தத்தில் தன் கையால் தட்டு மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை.

அடுத்த வருஷம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "உங்க பக்கம் பெருசு யாருப்பா? தட்டு மாத்திக்கலாம்."

யார் வாயைத் திறப்பது? சொந்தக்காரர்கள் எல்லாரும் ஃபேனைப் பார்த்தார்கள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யாராவது "பெரியவர்" என்று கைகாட்ட மாட்டார்களா என்று கேசவன் முகம் முகமாகப் பார்த்தார். பாழாய்ப்போன எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. இதற்கென்றே காத்திருந்தவர்போல் பெண்ணின் தாய்மாமன் ஜெயக்கொடி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். கேசவனைவிடச் சின்னவர். தட்டு அவர் பக்கம் திரும்பியது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சாமுண்டீஸ்வரி சித்தப்பாவையே பார்த்தாள். சத்தியம் செய்தவளாயிற்றே, என்ன பேசுவாள்? கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இரு, இரு!" கேசவன் எழுந்துவிட்டார். "எங்க அண்ணன் இருந்தா இந்த வூட்டுப் பெருசு அவர்தான். அவரு பூட்டாரு." மார்பில் தட்டிக்கொண்டார். "இப்ப நாந்தான் பெருசு. தட்ட இங்க குடுங்க."

இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். சாமுண்டீஸ்வரி எழுந்து ஓடிவந்து தட்டுக்கு அடியில் ஒரு கை கொடுத்தாள்.