பிடி தளரும் பூட்டு

அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது. பத்துச் சத நாணயம் அளவில் ஓர் இரும்புத் தகடு, நடுவே வளைத்து, இரண்டு துளைகள் போட்டிருக்கும். அவற்றினூடாக மெல்லிய உருக்குக் கேபிளைக் கோர்த்தால் ஒரு சுருக்கு உண்டாகும். நரியோ ஓநாயோ சுருக்குக்குள் தலையை விட்டு முன்னே நடந்தால் கேபிள் இறுகும், தகடு அதைக் கவ்விக்கொள்ளும். எழுபதுகளின் நடுவில், ரொறன்ரோவின் கிழக்கே மோர்னிங்சைட் பக்கம் இருந்த ஒரு சாமான் கிடங்கில் இந்தப் பூட்டுகளைப் பெட்டியில் போட்டு ஒட்டுவதுதான் என் வேலை. வடக்கே காட்டில் தோலுக்காக மிருகம் பிடிப்பவர்கள் தபாலில் ஓடர் அனுப்புவார்கள், நாங்கள் தபாலில் சாமான் அனுப்புவோம். யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் படிப்பித்தவள் நான். ஓநாயைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். ஆனால் அதன் கழுத்துக்கு எந்தத் தடிப்பில் கேபிள் வேண்டும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அப்போது சொல்லியிருப்பேன்.

எந்த ஓடருக்கு எந்தக் கேபிள், எந்தப் பூட்டு என்று தீர்மானிப்பவர் எஞ்சினியர். அப்படித்தான் அவரைக் கிடங்கில் எல்லோரும் கூப்பிட்டார்கள், பாதி மரியாதையாகவும் பாதி கேலியாகவும். கோயம்புத்தூரில் மில் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். இங்கே அவருடைய சான்றிதழை யாரும் மதிக்கவில்லை. மனைவியும் மகளும் ஊரில். அடுத்த வருடம் வந்துவிடுவார்கள் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டைகூடச் சாப்பிடாத மனிதர், மத்தியானத்தில் தயிர்ச்சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, எந்தச் சுருக்கு எந்தக் கழுத்தை விடாது என்று கணக்குப் போடுவார். இதைச் சொல்லி நான் சிரித்தால் அவரும் சிரிப்பார். மிருகத்தைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவருக்கு அது கேபிள், அவ்வளவுதான். ஏழு கம்பி கொண்ட ஏழு புரியை முறுக்கிய கேபிள் நன்றாக வளையும், சுருக்கும் வடிவாக நிற்கும். பத்தொன்பது கம்பியை ஒரே முறுக்காக முறுக்கியது விறைப்பு, சடாரென்று மூடும், ஆனால் ஒருமுறை மடங்கினால் பிறகு நிமிராது. புதிதாக எது வந்தாலும் கூரை உத்திரத்தில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு, பூட்டை மாட்டி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். நல்ல பூட்டு என்றால் அவர் முகம் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம்போல ஆகிவிடும்.

வடக்கே ஏரிக்கரைக் குடிலில் தனியாக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் எங்கள் வாடிக்கையாளர். மற்றவர்கள் சாமான் பெயரை மட்டும் எழுதுவார்கள். இவர் இரண்டு பக்கம் எழுதுவார். முதலில் ஒரு கேபிள் சந்தேகம், பிறகு பனி, பிறகு நாய். எஞ்சினியர் அதற்கு மூன்று பக்கம் பதில் எழுதுவார், படம் எல்லாம் கீறி. இரண்டு பேரும் நேரில் கண்டதில்லை, கண்டாலும் என்ன பேசியிருப்பார்களோ தெரியாது. ஆனால் அந்தக் கடிதம் வந்த நாளில் எஞ்சினியர் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், எனக்கும் தேநீர் ஊற்றித் தருவார். ஊரிலிருந்து வரும் நீலக் கடிதங்கள் அவரை அப்படி ஆக்கியதில்லை. தபாலைப் பிரிப்பது நான் என்பதால் முதல் செய்தி என்னிடமிருந்துதான் போகும்.

“என்ன அண்ணை, உங்கட ஆளிட்ட இருந்து காதல் கடிதம் வந்திருக்கு போல” என்பேன்.

“போங்க, உங்களுக்கு எப்பவும் கிண்டல்தானுங்க” என்று காது சிவக்க வாங்கிக்கொள்வார்.

அது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்கும் அந்த ஊரில் தமிழில் பகிடி விட வேறு யாரும் இல்லை. என் கணவர் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மாலை வேலை செய்தார். நான் வீடு திரும்பும்போது அவர் புறப்பட்டிருப்பார். அடுப்பின் மேல் ஒரு துண்டில் இரண்டு வரி எழுதி வைத்திருப்பார். ஒரு முழுக் கிழமையில் நான் பேசிய தமிழில் பெரும்பகுதி எஞ்சினியரைச் சீண்டியதாகத்தான் இருக்கும். அவர் நொந்துபோவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு இலையுதிர் காலத்தில் எஞ்சினியருக்குக் காய்ச்சல், ஒரு கிழமை வரவில்லை. அந்தக் கிழமைதான் பிரெஞ்சுக்காரரின் கடிதம் வந்தது. நான் பிரித்து வாசித்தேன். போன பனிக்காலத்தில் அவருடைய நாயே அவர் வைத்த சுருக்கில் அகப்பட்டுவிட்டதாம். சங்கிலியில் கட்டிப் பழகிய நாய், இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே குந்தியிருந்ததாம். இழுப்பு நின்றதும் எங்கள் பூட்டு மெல்லப் பிடியைத் தளர்த்த, இவர் போய்ச் சேரும்வரை அது மூச்சு விட்டுக்கொண்டிருந்ததாம். ‘இதே பூட்டைத்தான் அனுப்பவேண்டும். இதைவிட நல்லது வந்தாலும் எனக்கு வேண்டாம்’ என்று எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார். நான் ஓடர்த் துண்டில் ‘பூட்டு நான்கு டசின், கேபிள் ஐந்நூறு அடி’ என்று எழுதினேன். கோடு போட்ட வரியை எழுதவில்லை. கடிதத்தைத்தான் அவரிடம் கொடுக்கப்போகிறேனே என்று நினைத்தேன். மேசையில் விட்டால் தொலைந்துவிடும் என்று என் மெல்லிய மேல்கோட்டின் உள்பையில் வைத்தேன். அந்தச் சனிக்கிழமையே முதற்பனி கொட்டியது, என் கணவரைத் தொழிற்சாலையில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திங்கட்கிழமை நான் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். ஊரில் ஆருக்கு இரண்டு கோட்டு இருந்தது? மெல்லியது அலுமாரிக்குள் போனது, அதோடு கடிதமும் என் நினைவிலிருந்து போனது.

எஞ்சினியர் திரும்பி வந்து ஓடர்த் துண்டைப் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்து, ஒட்டுத்தாளை எடுத்துப் பார்த்தார், வைத்தார், கொஞ்ச நேரம் நின்றார். நான் வீட்டு யோசனையில் தலை நிமிரவில்லை. அவர் போய்விட்டார். கடிதம் வந்ததா என்று கேட்கத்தான் வந்தார் என்பது இப்போது எனக்கு வெயில்போலத் தெரிகிறது. கேட்டால் நான் கேலி செய்வேன் என்று கேட்காமல் போனார்.

பழைய பூட்டு தீர்ந்து, புதிய வகை வந்திருந்தது. அதில் சிறிய பல் ஒன்று இருந்தது, இறுகினால் இறுகினதுதான். எஞ்சினியர் தராசில் இழுத்துப் பிறகு கையை விடுவார், ஒரு மயிரிழைகூடப் பின்வாங்காது. பழைய பூட்டு இழுப்பு நின்றதும் தளர்வதை அவர் எப்போதும் ஒரு குறையாகவே நினைத்தவர். உத்திரத்தில் தொங்கும் தராசுக்கு நாய் இருக்காதே. தன் சிநேகிதருக்கு என்று புதிய பூட்டில் நல்லதாகப் பார்த்து நான்கு டசின் பொறுக்கி எடுத்தார். ‘முந்தியதைவிடச் சிறந்தது, இனி எதுவும் தப்பாது’ என்று ஒரு துண்டும் எழுதி உள்ளே வைத்தார். பெட்டியை ஒட்டியது நான்.

தை மாதம் பதில் வந்தது. ஐந்து வரி. பனிக்காலம் தொடங்கிவிட்டதால் வந்த பூட்டையே வைத்தாராம், நாய் செத்துப்போனது, புதிய பூட்டு விடவில்லை. ‘போன கடிதத்தில் தெளிவாக எழுதினேன். நீ வாசிக்கவில்லை. இனி எழுதவேண்டாம்.’

அதை எஞ்சினியர் நின்றபடியே வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டி, “போன லெட்டர்ல என்னங்க எழுதியிருந்தார்? நான் ஒவ்வொரு வரியும் படிச்சேனே” என்றார். அவர் சொன்னது கோடையில் வந்த கடிதத்தை, பிறகு ஓடர் மட்டும்தான் வந்தது என்று நினைத்திருந்தார். அந்த நிமிடத்தில்தான் எனக்குக் கோட்டு ஞாபகம் வந்தது. “தெரியேல்லை அண்ணை” என்றேன். அதற்குள் முதலாளி வந்து, யார் பூட்டை மாற்றி அனுப்பியது, பொதி செய்தவரின் பிழை என்றால் இன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறேன் என்று சத்தம் போட்டார். பொதி செய்தவள் நான் ஒருத்திதான். வீட்டில் கணவர் வேலையில்லாமல் இருந்தார். எஞ்சினியர் எனக்கு முன்னால் வந்து நின்று, மாற்றியது நான்தான், இந்த அம்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்றே அவர் நம்பினார்.

அன்று வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன். கடிதம் மடிப்புக் குலையாமல் இருந்தது. நாளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று இரண்டு கிழமை கைப்பையில் கொண்டு திரிந்தேன். எஞ்சினியர் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டு எழுதினார், பதில் இல்லை. இந்தக் கடிதத்தைப் பிரெஞ்சுக்காரருக்கு அனுப்பி, இதை எஞ்சினியர் கண்டதேயில்லை, பிழை என்னுடையது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். நான் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைக் கிழித்து, எங்கள் மாடிக் கட்டடத்தின் குப்பைக் குழாயில் போட்டேன். சில மாதத்தில் கணவருக்கு வேறு வேலை கிடைத்தது. அப்போதும் சொல்லவில்லை. கடிதமே இல்லாமல் எதைக் காட்டிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எஞ்சினியர் தராசைத் தொடவில்லை. பூட்டு கேட்டு யார் எழுதினாலும், அந்தப் பக்கம் நாய் நடமாட்டம் உண்டா என்று கேட்டு ஒரு துண்டு அனுப்புவார், பதில் வந்த பிறகுதான் பூட்டைத் தெரிவு செய்வார். ஓடர் இரண்டு கிழமை பிந்தும், முதலாளி கத்துவார், எஞ்சினியர் கேட்டுக்கொண்டு நிற்பார். சிலர் உண்டு, இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுதினார்கள். இரண்டு பக்கம் எழுத ஆள் இல்லை. தபால் வரும் நேரத்தில் மட்டும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்து போவார். நான் உறைகளைக் கவிழ்த்து அடுக்கிவைப்பேன். பகிடி விடுவதை நிறுத்தியிருந்தேன். அவர் அதையும் நாயின் சாவோடு சேர்த்துத் தன்மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கவேண்டும், என்னோடு பேசுவது குறைந்துபோனது. ஒரே கூரையின் கீழ் தமிழ் தெரிந்த இரண்டு பேர், நாள் முழுக்க ஒட்டுத்தாள் கிழிகிற சத்தம்.

இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். தெருவில் இறங்கினால் பத்துத் தமிழ் முகம், கடையில் தமிழ், வங்கியில் தமிழ். அன்றைக்கு இப்படி இருந்திருந்தால் எஞ்சினியருக்கு அந்த ஒரு கடிதம் இத்தனை பெரிதாக இருந்திருக்காது, என் பிழையும் சிறிய பிழையாகவே போயிருக்கும் என்று சில நேரம் நினைப்பேன். அது நான் எனக்குக் கொடுக்கும் சலுகை. அவருக்கு இருந்தது அது ஒன்றுதான், அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

இரண்டு வருடம் கழித்து, ஊரிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று உறுதியானதும், எஞ்சினியரே கோயம்புத்தூருக்குத் திரும்பினார். கடைசி நாள் என் மேசைக்கு வந்தார். கையில் பிரெஞ்சுக்காரரின் பழைய கடிதம் ஒன்று, நாய் செத்ததற்கு முந்திய கோடையில் வந்தது, மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. அதில் ஒரு வரியை விரலால் காட்டினார். ‘உன் பூட்டுகள் என் காட்டுக்குப் பொருத்தமாக இருக்கின்றன’ என்று இருந்தது.

“இதைத்தானுங்க சொல்லியிருக்கார். மாத்தாதேன்னு சொல்லியிருக்கார். ரெண்டு வருஷமாத் தேடி இப்பத்தான் புரிஞ்சுது. நான்தான் ஒழுங்காப் படிக்கலை, இல்லீங்களா?”

மூன்று தடவை வாசிக்காமல் ஒரு கடிதத்தையும் கீழே வைக்காத மனிதர். பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இருக்கலாம் அண்ணை” என்றேன்.