ரம்லா படித்த முகில்புரவி

எங்கள் வீட்டு வரிசையில் முதன்முதலாகக் கலர் டிவி வாங்கியது நாங்கள்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. போத்தனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தோம். ஆனால் அந்த டிவி வருவதற்கு முன்பே எங்கள் வரிசையில் ஒரு படக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவள் பக்கத்து வீட்டு ரம்லா.

அவள் புருஷன் அப்துல் வஹீது உக்கடத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வந்த பேப்பர்க் கட்டுக்குள் 'முகில்புரவி' என்று ஒரு தடித்த படக்கதைப் புத்தகம் கிடைக்க, உஸ்மாவுக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். உஸ்மா, ரம்லாவின் அக்கா ஜாஹிதாவின் மகள். ஜாஹிதா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பிள்ளைக்குச் சரியாகப் பேச்சுக்கூட வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே ரம்லாதான்.

ரம்லாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சின்ன வயதில் அரபி ஓதப் போனதோடு சரி. ஆனால் அவள் குர்ஆன் ஓதினால் நான் ஸ்டவ்வைக் குறைத்துவிட்டுக் கேட்பேன், அப்படி ஒரு குரல். அந்தக் குரலில்தான் படங்களை மட்டும் பார்த்துக் கதை சொல்லுவாள். கரண்ட் போன சாயங்காலங்களில் வரிசை மொத்தமும் அவள் வாசலில் இருக்கும்.

என்ன கதை அது! தங்கச் சிம்மாசனத்தில் ஒரு ராஜா. ஒருநாள் எழுந்து கிரீடத்தைக் கழற்றுகிறான். செத்துக் கிடக்கிற அரக்கன் ஒருவனிடம் போய், "இந்தாங்க, இது உங்களுதுங்க" என்று வைக்கிறான். அரக்கன் எழுந்து உட்கார்ந்து, "ரொம்பச் சந்தோசமுங்க, போயிட்டு வாரேனுங்க" என்கிறான். அடுத்த அரக்கனுக்கு வாள், அதற்கடுத்தவனுக்குக் கவசம். எரிந்து கிடந்த ஊரிலிருந்து நெருப்பு கிளம்பித் தீப்பந்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. பறக்கும் குதிரை மேகத்தோடு மேகமாகப் போய்விடுகிறது. பிடுங்குகிற ராஜாக்களைத்தான் நான் கேள்விப்பட்டிருந்தேன். கொடுத்துக் கொடுத்தே சின்னவனாகிப் போன ராஜாவை ரம்லாவிடம்தான் கேட்டேன்.

கடைசியில் அவன் கைக்குழந்தை. ஒரு மரத்தடியில் அவன் அம்மா மார்பில் அம்போடு கிடக்கிறாள். அம்பு தானாகக் கழன்று வந்த வழியே போகிறது. அம்மா எழுந்து உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொள்கிறாள். இந்த இடம் வந்தால் உஸ்மா நகர்ந்துவந்து ரம்லாவின் மடியில் தலையை வைத்துவிடுவாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றாறில் அதே முகில்புரவியை டிவியில் தொடராகப் போடப்போகிறார்கள் என்று விளம்பரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என் வீடு நிறைந்துவிட்டது. ரம்லா முன்வரிசையில், உஸ்மாவைப் பிடித்தபடி.

முதல் வாரமே மரத்தடி. அம்மா பாடுகிறாள், குழந்தை சிரிக்கிறது, எங்கிருந்தோ அம்பு வருகிறது, அம்மா சாய்கிறாள். 'தொடரும்' என்று போட்டுவிட்டான். உஸ்மா திரும்பி ரம்லாவின் முகத்தைப் பார்த்தாள். ரம்லாதான் தடுமாறிப்போனாள். "கடைசியைக் கொண்டாந்து முதல்ல போட்டுப்போட்டாங்களேக்கா" என்றாள் என்னிடம். பிறகு பிள்ளையின் தலையைத் தடவி, கடைசி வாரம் அம்மா கட்டாயம் எழுந்துவிடுவாள் என்று வாக்குக் கொடுத்தாள். டிவிக்காரர்களை நம்பி வாக்குக் கொடுக்கலாமா?

நல்லதைச் சொல்லாமல் இருக்க முடியாது. குதிரை முதன்முதலாகச் சிறகை விரித்து மலையிலிருந்து பாய்ந்ததே, அந்த நிமிஷம் என் வீட்டில் ஒருவர் மூச்சுவிடவில்லை. ரம்லா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள். கடல் பிளந்து அரக்கன் வந்தபோது அந்த அலைச் சத்தத்தில் என் பாத்திர அலமாரி அதிர்ந்தது. புத்தகத்தில் குதிரை நின்ற இடத்தில்தான் நிற்கும். இதில் அது பறந்தது, நாங்களும் கூடப் பறந்தோம்.

மற்றபடி கோபம்தான் வந்தது. அடுத்த வாரமே சிறகில் கட்டிய நூல் பளபளவென்று தெரிந்தது. ஒரே பாறையைக் காட்டி மூன்று தேசம் என்றார்கள். அரக்கனுக்கு ஒரு பக்க மீசை உரிந்து தொங்கியது. வாளை ஓங்குவதற்கு முன்னால் அரைமணி நேரம் மேடைப் பேச்சு, வெட்டுவதற்குள் விளம்பரம். ஒருத்தரும் ஒருத்தரை 'வாங்க' 'போங்க' என்று சொல்லவில்லை. அரக்கனாகவே இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா? சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் கூட்ஸ் வண்டி கடந்துபோகும், பேச்சு ஒன்றும் கேட்காது. அது ஒருவகையில் நல்லதாகவே இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டிவியில் அந்தப் பிள்ளை வளர்ந்து, அரக்கர்களிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனான். உன் கதையில் ராஜா கொடுக்கத்தானே செய்தான் என்று ரம்லாவிடம் கேட்டேன். "நான் என்ன பொய்யா சொல்றேன்? பாருங்கக்கா" என்று புத்தகத்தை எடுத்துவந்தாள். அத்தனை நாளும் நான் கதை கேட்டதோடு சரி, புத்தகத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

அதை அவள் குப்புற வைத்தாள். குர்ஆனை எந்தப் பக்கமிருந்து திறப்பாளோ அந்தப் பக்கமிருந்து, பின்னட்டையைத் திறந்தாள். விரலை வலது ஓரத்துப் படத்தில் வைத்து இடது பக்கமாக நகர்த்தினாள். சிம்மாசனம், கிரீடம், அரக்கன் என்று வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல் வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் படித்த எழுத்து வலமிருந்து இடம் போகிற எழுத்து. வேறு எப்படித்தான் திறப்பாள்? ஒருவன் உட்கார்ந்து வரைந்த கதைக்குள், அவனுக்கே தெரியாத இன்னொரு கதையை இவள் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அதுவும் அவன் கதையைவிடப் பெரிய கதை. இந்தப் பக்கத்து வீட்டில்தான் நான் தினம் கறிவேப்பிலை கடன் கேட்டுக்கொண்டு நின்றேனா என்று இருந்தது.

அவளிடம் நான் சொல்லவில்லை. அம்மா எழுந்திருக்கப்போவதில்லை என்று மட்டும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. கடைசி ஞாயிறு டிவி ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வரிசை விடுமா?

கடைசி ஞாயிறு வந்தது. ரம்லா புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிவியில் அவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான், முரசு அடித்தார்கள், பூக்கொட்டினார்கள். அம்மா வரவில்லை. பெயர்கள் மேலே ஓட ஆரம்பித்தன. ரம்லா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குப் பின்னாலாவது வருவாளோ என்று. அதுவும் முடிந்து சோப்பு விளம்பரம் வந்தது. மற்ற எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

ரம்லாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "நான் இத்தனை நாளும் தப்பாச் சொல்லிப்போட்டேன் போல கண்ணு" என்றாள்.

உஸ்மா அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை அந்தப் புத்தகத்தை எப்போதோ படித்திருப்பாள் என்பது, பாருங்கள், அதுவரை என் புத்திக்கு எட்டவே இல்லை.

"தப்பில்லீங்க சின்னம்மா" என்றாள் உஸ்மா. "நான் ரெண்டாவது படிக்கறப்பவே எழுத்துக்கூட்டிப் பாத்துட்டேன். முன்னட்டையிலிருந்து வந்தா அம்மா செத்துப்போறாங்க. நீங்க சொல்ற பக்கமிருந்து வந்தாத்தான் எந்திரிக்கறாங்க. டிவிக்காரங்களுக்கு இந்தப் பக்கமிருந்து படிக்கத் தெரியலீங்க."

ரம்லா அவளையே பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். முன்னட்டையையும் பின்னட்டையையும் மாற்றி மாற்றித் திருப்பினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, நான் அழுதுவிட்டேன்.

உஸ்மா புத்தகத்தை வாங்கிக் குப்புற வைத்து, பின்னட்டையைத் திறந்து, ரம்லாவின் வலது கை விரலை எடுத்துச் சிம்மாசனத்தின் மேல் வைத்தாள்.

நான் எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.